நிறம் மீளும் நகரம்: ‘தி சபோட்டர்’ காணொளி விளையாட்டில் நாசவேலையும் அதன் விலையும்

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு உள்ளான பாரிஸ் நகரைக் களமாகக் கொண்டு 2009 டிசம்பரில் வெளிவந்த திறந்தவுலக விளையாட்டு ‘தி சபோட்டர்’. மக்களின் போராடும் மனவுறுதியை நகரின் நிறமாகக் காட்டும் உத்தி இவ்விளையாட்டின் தலையாய சிறப்பு. அதே உத்தி, நாசவேலைக்காகப் பொதுமக்கள் கொடுத்த விலையைப் பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தொல்காப்பியப் புறத்திணைக் கோட்பாடு, குறிப்பாகக் காஞ்சித்திணை, இதனை மதிப்பிடும் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, திறந்தவுலகம், பாரிஸ் ஆக்கிரமிப்பு, நாசவேலை, முதற்பொருள், காஞ்சித்திணை

களமும் கதையும்

போரைப் பொருளாகக் கொண்ட காணொளி விளையாட்டுகளுள் பெரும்பாலானவை ஆட்டக்காரரைப் படைவீரராக்குகின்றன. கட்டளை மேலிருந்து வரும், எதிரி எதிரே நிற்பான், சுடுவதே தொழில். ‘தி சபோட்டர்’ இவ்வழக்கிலிருந்து விலகித் தொடங்குகிறது. இதன் தலைவன் ஷான் டெவ்லின் அயர்லாந்தைச் சேர்ந்த வாகனப் பொறிவினைஞன். பந்தயக் கார் ஓட்டுபவன். இரண்டாம் உலகப்போரில் நடுநிலை காத்த நாட்டினன் என்பதால், போரிட வேண்டிய கடமை எதுவும் அவனுக்கு இல்லை. சார்புருக்கன் நகரில் நடந்த பந்தயத்தில் தன்னை வஞ்சித்தவனும், தன் நண்பன் ஜூல் ரூசோவைச் சித்திரவதை செய்து கொன்றவனுமான கர்ட் டீர்க்கர் என்னும் ஜெர்மானியனைப் பழிவாங்குவதே அவன் நோக்கம். அத்தனிப்பகை, பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தின் பகையோடு மெல்லக் கலக்கிறது. பழிவாங்கும் கதை புதிதன்று. ஆயினும் போரின் பெருங்கதைக்குள் நுழைவதற்குத் தனிமனிதச் சினத்தை வாயிலாக்கியது திறந்தவுலக விளையாட்டுக்குப் பொருத்தமான தேர்வே. தன் போக்கில் அலைந்து திரியும் ஆட்டக்காரரும் கட்டளைக்குக் கட்டுப்படாத தலைவனும் ஒரே இயல்பினராகி விடுகின்றனர்.

இவ்விளையாட்டை உருவாக்கிய பண்டெமிக் ஸ்டூடியோஸ், ‘மெர்சினரீஸ்’ (2005) முதலிய ஆக்கங்களால் அறியப்பட்ட நிறுவனம். கண்ணில் படும் எதையும் தகர்க்கலாம் என்பதே ‘மெர்சினரீஸ்’ தந்த இன்பம். அந்த அனுபவம் இங்கும் தொடர்கிறது. 2009 நவம்பரில் அந்நிறுவனத்தை அதன் உரிமையாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மூடியது. விளையாட்டு கடைகளுக்கு வந்தது அடுத்த மாதத்தில். தன்னை ஆக்கியோர் கலைந்த பின்னர் வெளிவந்த படைப்பு என்ற வகையில், இதன் குறைகள் சில திருத்தப்படாமலும் இதன் புதுமை மேற்கொண்டு வளர்க்கப்படாமலும் நின்றுபோயின.

முதற்பொருளும் நிறமும்

ஆக்கிரமிப்பின் பிடியில் உள்ள பகுதிகள் இவ்விளையாட்டில் கறுப்பு வெள்ளையாகத் தோன்றுகின்றன. வானம் கருத்து, மழை பெய்துகொண்டிருக்கிறது. தேடுவிளக்குகள் சுவர்களைத் தடவிச் செல்கின்றன. இந்நிறமின்மையில் மூன்று நிறங்கள் மட்டும் எஞ்சுகின்றன: ஜெர்மானியக் கொடியிலும் கைப்பட்டையிலும் சிவப்பு, எதிர்ப்பியக்கத்தாரைக் குறிக்கும் நீலம், விளக்குகளிலும் சன்னல்களிலும் மஞ்சள். கதையின் முதன்மைப் பணி ஒன்று ஒரு பகுதியில் நிறைவேறியதும் அங்கு நிறம் திரும்புகிறது. மழை ஓய்ந்து வெயில் விழுகிறது. மக்கள் நடமாட்டம் பெருகுகிறது. அங்குத் துரத்தப்படும் ஷானுக்குத் துணையாக எதிர்ப்பியக்கத்தார் ஆயுதமெடுத்து வருகின்றனர். நிறம் என்பது கண்ணுக்கு விருந்தாக மட்டும் நில்லாமல், விதியாகவும் செயல்படுகிறது.

தமிழ்ப் பொருளிலக்கண மரபில் பயின்றவர்க்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றுள் பிறந்து வாழ்வன கருப்பொருள். அவற்றோடு பொருந்தி நிற்கும் உணர்வு உரிப்பொருள். இவ்விளையாட்டிலும் தெருவும் வானிலையும் முதற்பொருளாகின்றன. கொடி, காவல்மாடம், ஒலிபெருக்கி, தெருவில் நடப்போர் ஆகியவை கருப்பொருளாகின்றன. அச்சமும் துணிவும் உரிப்பொருளாகின்றன. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. திணைக் கோட்பாட்டில் நிலமும் உணர்வும் ஒன்றுக்கொன்று இயைந்து நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை விளைவிப்பதாகச் சொல்லப்படுவதில்லை. இங்கோ உணர்வு மாறினால் நிலம் மாறுகிறது. அம்மாற்றத்தை நிகழ்த்தும் செயல் ஆட்டக்காரர் கையில் உள்ளது. படிப்பவர்க்கு வாய்க்காத இவ்வினைப்பாடு காணொளி விளையாட்டு என்னும் வடிவத்துக்கே உரியது. அதனை இவ்வாக்கம் நன்குணர்ந்து பயன்படுத்தியிருக்கிறது.

நிலத்துக்கு உயிரும் நிறமும் மீட்டுத் தரும் உத்தி இதற்கு முன்னரும் உண்டு. ஜப்பானிய ஆக்கமான ‘ஒகாமி’ (2006), சாபத்தால் வாடிய நிலத்தைத் தூரிகையால் மலரச் செய்கிறது. ஆனால் அங்கு நிலத்தைப் பீடித்திருப்பது பேய். வரலாற்றில் இருந்த ஒரு நகரின் ஆக்கிரமிப்பை நிறத்தின் மொழியில் சொல்லத் துணிந்ததில்தான் ‘தி சபோட்டர்’ தனித்து நிற்கிறது. வெளிவந்து பல்லாண்டுகள் கடந்த பின்னும் இது பேசப்படுவதற்கு முதன்மைக் காரணம் அதுவே.

எனினும், உருவாக்கியவர்கள் எதிர்பார்த்திராத ஒரு முரண் இதனுள் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் பகுதிகளே கண்ணுக்கு அழகானவை, ஆடுவதற்கும் சுவையானவை. ஈரத்தில் மின்னும் கற்பாவிய தெருக்கள், நீண்ட நிழல்கள், திடீரெனத் தெறிக்கும் சிவப்பு ஆகியவை நாற்பதுகளின் குற்றத் திரைப்படங்களை நினைவூட்டுகின்றன. நிறம் மீண்ட பாரிஸோ, அவ்வாண்டுகளில் வந்த பிற திறந்தவுலக நகரங்களைப் போன்ற ஒரு நகரம். கட்டட முகப்புகளின் சலிப்பான ஒருமையை வெயில் வெளிச்சமிட்டுக் காட்டிவிடுகிறது. காவல் தளர்வதால் ஆபத்தும் குறைகிறது. விடுதலைக்காகப் போராடும் ஆட்டக்காரர், விடுதலை பெற்ற தெருவில் செய்ய ஏதுமின்றி, இன்னும் ஒடுக்கப்பட்டிருக்கும் தெருவை நாடிச் செல்கிறார். கதை ஒன்றை விரும்பச் சொல்ல, விளையாட்டு மற்றொன்றை விரும்பச் செய்கிறது. இதனைக் குறை என்று மட்டும் ஒதுக்க இயலாது. போர்க்காலத்தைக் கலை நாடுவதன் பின்னால் உள்ள ஒரு சங்கடமான உண்மை, அறியாமலேயே இங்கு வெளிப்பட்டுவிடுகிறது.

நாசவேலையின் இலக்கணம்

நகரெங்கும், நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறத்திலும், லெ ஆவ்ர் துறைமுகப் பகுதியிலும் தகர்ப்பதற்கென ஆயிரத்துக்கும் மேற்பட்ட இலக்குகள் பரவிக் கிடக்கின்றன: காவல்மாடங்கள், தேடுவிளக்குகள், வானூர்தி எதிர்ப்புப் பீரங்கிகள், எரிபொருள் கிடங்குகள், பரப்புரை ஒலிபெருக்கிகள். ஒருமுறை தகர்த்தது மீண்டும் முளைப்பதில்லை. அக்காலத்துத் திறந்தவுலக விளையாட்டுகளில் நகரம் தன் காயங்களைச் சில நிமிடங்களில் ஆற்றிக்கொண்டு விடுவது வழக்கம். இங்கோ ஆட்டக்காரர் செய்த சேதம் நிலைத்திருக்கிறது. கதைப்பணி ஒன்றுக்காகப் பின்னர் ஓர் இடத்துக்கு வரும்போது, முன்னரே வீழ்த்தப்பட்ட காவல்மாடத்தால் அப்பணி எளிதாகிறது. சிறு செயல்கள் சேர்ந்து எதிரியின் வலிமையைத் தேய்க்கும் என்னும் நாசவேலையின் தருக்கம், சொல்லால் அன்றி விதியால் உணர்த்தப்படும் சிறந்த இடம் இது.

ஆனால் இவ்விலக்குகளில் எத்தனை தகர்த்தாலும் நகரின் நிறம் மாறுவதில்லை. நிறத்தை மாற்றும் உரிமை கதைப்பணிகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதியின் கடைசிக் காவல்மாடம் வரை வீழ்த்திய பின்னும் அங்கு மழை ஓயாமல் பெய்துகொண்டிருப்பதைக் காணும் ஆட்டக்காரர், தான் செய்தவை மக்களின் மனவுறுதியோடு தொடர்பற்றவை என்று அறிந்துகொள்கிறார். விளையாட்டின் இருபெரும் சிறப்புகளான நிலைத்த சேதமும் மீளும் நிறமும் ஒன்றையொன்று அறியாமல் அருகருகே இயங்குகின்றன. இவை இணைந்திருந்தால், அந்த ஆயிரம் இலக்குகள் சலிப்பூட்டும் எண்ணிக்கையாகச் சுருங்கியிரா. இருபதாவது ஒலிபெருக்கிக்கும் இருநூறாவது ஒலிபெருக்கிக்கும் வேறுபாடு காட்ட இயலாத இடத்தில் பொறுமையும் ஆர்வமும் ஒருங்கே தீர்ந்துவிடுகின்றன.

மாறுவேட உத்தி மற்றொரு நல்ல எண்ணம். ஜெர்மானியப் படைவீரன் ஒருவனைக் கைகளால் ஓசையின்றிக் கொன்றால் அவன் சீருடையை ஷான் அணிந்துகொள்ளலாம். சுட்டுக் கொன்றால் சீருடை பயன்படாது. சீருடையில் இருக்கும்போது ஓடுவதும் சுவரேறுவதும் ஐயத்தை எழுப்பும். எதிரிகளுக்கு நடுவே மெல்ல நடக்க வேண்டியிருப்பதே ஒரு பதற்றத்தைத் தருகிறது. ஆனால் அப்பதற்றம் நீடிப்பதில்லை. காவலர்களின் அறிவு மந்தமானது. அபாயச் சங்கு ஒலித்த பின்னும் குறிப்பிட்ட எல்லையைக் கடந்தாலோ, ஒளியிடம் ஒன்றில் புகுந்தாலோ தேடல் அடங்கிவிடுகிறது. பதுங்கிச் செல்வதற்குச் செலவிடும் பொறுமையை விட, வெடிவைத்து விட்டுக் காரில் ஏறிப் பறப்பது எளிது. எளிய வழி எப்போதும் திறந்திருக்கும்போது அரிய வழியின் அருமை மங்கிவிடுகிறது.

சுவரேறுதல் தொடர்பான குறை அவ்வளவு விரிவாகப் பேசத்தக்கதன்று. ஒவ்வொரு பிடிக்கும் ஒரு முறை பொத்தானை அழுத்த வேண்டியுள்ளது. அதற்கு ஒரு மாதம் முன்பு வெளிவந்த ‘அசாசின்ஸ் கிரீட் 2’ இத்துறையில் எட்டியிருந்த வழுக்கோட்டத்தோடு ஒப்பிட்டால் ஷானின் ஏற்றம் முதியவர் மாடிப்படி ஏறுவது போன்றது. கார் ஓட்டுதலில் குறையில்லை. தலைவன் பந்தய ஓட்டுநன் என்பதை விளையாட்டு மறக்கவில்லை.

முன்மாதிரியும் பாத்திரமும்

ஷான் டெவ்லின் பாத்திரத்துக்கு முன்மாதிரியானவர் வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ். 1903இல் பிரான்சில் ஆங்கிலேயத் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்த இவர், 1929இல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரீ பந்தயத்தில் புகாட்டி காரில் வென்றவர். போர்க்காலத்தில் பிரித்தானியச் சிறப்பு நடவடிக்கைச் செயலகத்தின் முகவராகப் பிரான்சுக்குள் இறங்கி, ரோபேர் பெனுவா, ஜான்-பியேர் விமீல் என்னும் சக பந்தய ஓட்டுநர்களோடு இணைந்து மறைபணி ஆற்றினார். 1943 ஆகஸ்டில் கைதாகி, 1945இல் சாக்சன்ஹவுசன் முகாமில் கொல்லப்பட்டார். பெனுவா 1944 செப்டம்பரில் புக்கன்வால்ட் முகாமில் கொல்லப்பட்டார்.

இவ்வாழ்க்கையிலிருந்து விளையாட்டு எடுத்துக்கொண்டது காரையும் துணிவையும். விட்டுவிட்டது மறைவையும் காத்திருப்பையும் முடிவையும். முகவரின் அன்றாடம் என்பது கம்பியில்லாத் தந்திக்காகக் காத்திருத்தல், பாதுகாப்பான வீடு தேடுதல், யார் காட்டிக்கொடுப்பார் என்ற ஓயாத ஐயம். ஷானின் அன்றாடமோ பட்டப்பகலில் தொப்பியும் சிகரெட்டுமாகத் திரிவது. கூழ்க் கதை மரபைச் சார்ந்த ஆக்கத்தில் இதனைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. பாரிஸ் வானில் செப்பெலின் வான்கப்பல்கள் மிதப்பதும் அவ்வாறே. எஞ்சியிருந்த பெரிய செப்பெலின்கள் 1940இலேயே பிரித்து உடைக்கப்பட்டுவிட்டன. எனினும் அவை வெடித்து விழும் காட்சி இன்பத்தை வரலாற்றுப் பிழை என்று ஒருவர் மறுத்தால் அவருக்கு இவ்வகை விளையாட்டே உகந்ததன்று.

பெண் பாத்திரங்களின் நிலை வேறு. ஜூலின் தங்கை வெரோனிக்கும் பிரித்தானிய முகவர் ஸ்கைலாரும் கதையில் இடம்பெறுகின்றனர். ஆயினும் பணி ஒப்படைப்பவர்களாகவும் ஷானின் விருப்புக்கு உரியவர்களாகவுமே பெரிதும் சித்திரிக்கப்படுகின்றனர். தலைவனின் மறைவிடம் ஒரு கேளிக்கை விடுதியின் பின்புறம். அவ்விடுதி நடனப் பெண்களின் மேலாடையை அகற்றிக் காட்டும் கூடுதல் உள்ளடக்கத்தைப் புதிய வட்டு வாங்குவோருக்கு இலவசமாகவும் பழைய வட்டு வாங்குவோருக்குக் கட்டணத்துக்கும் வழங்கியது விளையாட்டின் விற்பனை உத்தி. இதே பாரிஸில் 1943 ஜூன் முதல் அக்டோபரில் கைதாகும் வரை கம்பியில்லாத் தந்தி இயக்கியவர் நூர் இனாயத் கான். திப்பு சுல்தானின் வழித்தோன்றல். 1944 செப்டம்பரில் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டவர். அத்தகைய ஒருவருக்கு இவ்விளையாட்டின் உலகில் இடம் காண்பது அரிது. கூழ்க் கதை மரபு என்ற சமாதானம் இங்குச் செல்லாது. அம்மரபிலும் துணிவான பெண் உளவாளிகளுக்குப் பஞ்சமில்லை.

காஞ்சி இல்லாத புறம்

தொல்காப்பியம் புறத்திணைகளை ஏழாக வகுக்கிறது. இரவில் பகைவர் அறியாமல் புகுந்து ஆநிரை கவரும் வெட்சியில் தொடங்கும் அவ்வரிசையில், போர் என்பது களவாகவே தொடங்குகிறது. ஷானின் செயல்கள் பெரும்பாலும் இவ்வெட்சிக்குள் அடங்குவன: மறைந்து செல்லல், காவலை அறிதல், எதிரி அறியுமுன் மீளல். அரண் முற்றும் உழிஞையும் வெற்றியைப் போற்றும் வாகையும் கூட விளையாட்டில் உண்டு. அதே வரிசையில் காஞ்சியும் வைக்கப்பட்டுள்ளது என்பதே இங்குக் கருதத்தக்கது. நிலையாமையைச் சொல்லும் அத்திணைக்குள் கணவனை இழந்தவளின் நிலையும், இறந்தோரை எண்ணி எஞ்சியோர் செயலற்று நிற்கும் கையறுநிலையும் அடங்கும். போரைப் பாடும் இலக்கணம், போரின் இழப்பைப் பாடுவதையும் அதே போரின் பகுதியாகவே கண்டது. ‘தி சபோட்டர்’ தன் உலகிலிருந்து ஏறத்தாழ முழுமையாக நீக்கிவிட்ட திணை இதுவே.

ஆக்கிரமிப்புப் பாரிஸில் ஆயுதத் தாக்குதல் எளிதில் தொடங்கிவிடவில்லை. தொடக்கக் கால எதிர்ப்பு பெரும்பாலும் துண்டறிக்கைகளாலும், 1940 நவம்பர் 11இல் மாணவர் திரண்டது போன்ற ஆர்ப்பாட்டங்களாலும் ஆனது. 1941 ஆகஸ்ட் 21இல் பார்பேஸ் மெட்ரோ நிலையத்தில் ஜெர்மானியக் கடற்படையினர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதே நகரில் ஒரு திருப்பம். அடுத்த மாதமே, தாக்குதலுக்குப் பதிலாகப் பிணையாளிகளைக் கொல்லும் முறை விதியாக்கப்பட்டது. 1941 அக்டோபர் 20இல் நான்த் நகரின் ஜெர்மானியத் தளபதி கார்ல் ஹோட்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாள்களில் 48 பிணையாளிகள் கொல்லப்பட்டனர். ஒரு துப்பாக்கி வெடித்ததற்கு, வெடிக்காத நாற்பத்தெட்டுப் பேர் பதில் சொன்னார்கள். எதிர்ப்பியக்கத்துக்குள்ளேயே இத்தாக்குதல்கள் தொடர வேண்டுமா என்ற கடுமையான விவாதம் எழுந்ததற்கு இதுவே காரணம். நாசவேலை செய்தவர்களின் உண்மையான சுமை, பிடிபடும் அச்சம் மட்டுமன்று. பிடிபடாமல் தப்பினால் யார் சாவார் என்ற கேள்வியும்தான்.

இவ்விளையாட்டில் ஆட்டக்காரர் வெடிவைத்துத் தப்பினால் கதை அங்கு முடிகிறது. தெருக்களில் குடிமக்களைப் படைவீரர்கள் துன்புறுத்தும் காட்சிகள் உண்டு. அவை கொடுமையின் பின்னணிச் சித்திரங்கள். முந்தைய இரவு ஆட்டக்காரர் தகர்த்த கிடங்குக்கும் அவற்றுக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை. ஆட்டக்காரரின் எந்த வெடிவைப்பும் எந்தத் தெருவின் நிறத்தையும் பறிப்பதில்லை. துணிவு பெருகுவதை நிறத்தால் காட்டத் தெரிந்த உத்திக்கு, ஒரு தாக்குதலுக்கு மறுநாள் ஊரே அஞ்சி ஒடுங்குவதைக் காட்டுவது கடினமாக இருந்திராது. உத்தி கையில் இருந்தும் ஒரு திசையில் மட்டும் இயக்கப்பட்டது என்பதால்தான் இக்குறை மற்றவற்றைவிடப் பெரிதாகிறது.

விளையாட்டு வடிவத்தால் இத்தகைய சுமையைத் தாங்க இயலாது என்ற மறுப்பு எழலாம். போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ இம்மறுப்புக்கு விடை. முற்றுகையிடப்பட்ட நகரில் சிக்கிய பொதுமக்களே அதன் மாந்தர். உணவுக்காக முதியவர் வீட்டில் திருடினால் திருடியவர் மனமுடைந்து போகிறார்; அவ்விளைவு விதியாகவே விளையாட்டுக்குள் அமைந்திருக்கிறது. 2020இல் போலந்து அரசு அதனைப் பள்ளி மாணவர்க்குப் பரிந்துரைக்கும் வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. அதன் களம் ஒரு வீடு. ‘தி சபோட்டர்’ களம் ஒரு மாநகரும் அதன் சுற்றுப்புறமும் என்பது உண்மைதான். ஆனால் விலையைக் காட்டுவதற்குப் பரப்பு தேவையில்லை. செயலும் விளைவும் இணைவதே தேவை.

இதனோடு சேர்த்துக் காண வேண்டிய மற்றொரு விடுபாடு, காட்டிக்கொடுத்தலும் ஒத்துழைப்பும். விளையாட்டில் எதிரியைக் கண்டறிவது எளிது; சிவப்புக் கைப்பட்டையே போதும். வரலாற்றுப் பாரிஸில் அவ்வாறில்லை. 1942 ஜூலை 16, 17 ஆகிய இரு நாள்களில் பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் 13,000க்கும் மேற்பட்ட யூதர்கள் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். வீடுவீடாகச் சென்று கைது செய்தவர்கள் பிரெஞ்சுக் காவலர்கள். அதில் பிரெஞ்சு அரசுக்கிருந்த பொறுப்பைக் குடியரசுத் தலைவர் ஒருவர் வெளிப்படையாக ஏற்பதற்கு 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விளையாட்டின் மையக் கதை இந்நிகழ்வைத் தொடவில்லை. நிறத்தின் இலக்கணத்தில் இதற்கு இடமும் இல்லை. சிவப்பு ஆக்கிரமிப்பாளனுக்கு, நீலம் எதிர்ப்பாளனுக்கு என்று பிரித்த பின், கைப்பட்டை அணியாமல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டியவனுக்கு எந்த நிறம்?

அக்கதவுகளுக்கு மேலே, கறுப்பு வெள்ளைத் தெருக்களில் சன்னல்கள் மட்டும் மஞ்சளாக ஒளிர்கின்றன. மழையில் தெரியும் அவ்வொளி இவ்விளையாட்டின் மிக அழகிய காட்சிகளுள் ஒன்று. கூரைகளின் வழியே அவற்றைக் கடந்து செல்லும் ஆட்டக்காரர் அடுத்த காவல்மாடத்தை நோக்கி ஏறுகிறார். பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைய வழி வைக்கப்படவில்லை.